மூட்டை மணலா, பொட்டல மணலா? கடல்நீர் மீன்தொட்டியின் அடியில் கிடக்கும் வரலாறு

கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். கண்ணாடித் தொட்டிக்கும், பம்புக்கும், விளக்குக்கும், உப்புக்கும் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுப்பார். மணல் பொட்டலத்தின் விலையைப் பார்த்ததும்தான் வாய் திறப்பார்: "என்னங்க இது, மண்ணுக்குப் போய் இவ்வளவு விலையா?"

நியாயமான கேள்விதான். ஹார்ட்வேர் கடையில் அதே பணத்துக்கு ஒரு மூட்டை மணல் கிடைக்கும். கடற்கரைக்குப் போனால் காசே வேண்டாம். அப்படியிருக்க, பளபளப்பான பொட்டலத்தில் வரும் மணலை ஏன் வாங்க வேண்டும்? பள்ளி அறிவியல் கழகத்துக்காகச் சிறு தொட்டி ஒன்று அமைக்க நினைக்கும் ஆசிரியருக்கும் இதே சிக்கல்தான். கையில் இருப்பது கொஞ்சம் நிதி. அதில் பாதியை மணலே விழுங்கிவிட்டால் மீனுக்கு எங்கே போவது?

இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிட முடியாது. ஏனென்றால், தொட்டியில் மணலுக்கு என்ன வேலை என்பதைப் பற்றிய மனிதர்களின் எண்ணம் கடந்த 170 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. வேலை மாறியபோதெல்லாம் 'நல்ல மணல்' எது என்பதும் மாறியது. விலையும் கூடவே மாறியது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், எந்த மணலுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

1. வெறும் தரைவிரிப்பு

கடல் உயிர்களை வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வேர்விட்டது. 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி, டார்கி கடற்கரையில் கிடைத்த கல்பவளங்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் அவை ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்க, பெரிய கடற்பஞ்சு ஒன்றில் ஊசிநூல் கொண்டு தைத்துவிட்டாராம்! வீட்டில் அந்தக் கடல்நீர் கெடாமல் இருப்பதற்காக, நாள்தோறும் அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் தேநீர் ஆற்றுகிற மாதிரிதான். ஊற்றும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலந்தது.

1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தம் ஆய்வை லண்டன் வேதியியல் கழகத்தில் வெளியிட்டார். தொட்டியில் மீனும் செடியும் நத்தையும் சேர்ந்து இருந்தால், ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகி நீர் தெளிவாக இருக்கும் என்று காட்டினார். அவர் பயன்படுத்தியது நன்னீர்த் தொட்டி. அதன் அடியில் மணலும் சேறும் கற்களும் இருந்தன. செடி வேர்பிடிக்க ஓர் இடம் வேண்டும். மணலுக்கு அவ்வளவுதான் வேலை.

1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அதன் பிறகு இங்கிலாந்தையே இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போய், பாறைக் குழிகளில் இருந்த உயிர்களை அள்ளி வந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கோஸின் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் எழுதிய தன்வரலாற்று நூலில், சிறுவயதில் தாம் கண்ட அழகான பாறைக் குழிகள் மக்கள் அள்ளிச் சென்றதால் வெறுமையாகிவிட்டன என்று வருந்துகிறார். கடற்கரையில் கிடைப்பவை இலவசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த இலவசத்துக்கான விலையைக் கடற்கரை கொடுத்தது.

2. மணலுக்கு வேலை கிடைத்தது

மீன் வெளியிடும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. இதே அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உள்ளன. இவற்றைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் செய்தார். அவர் மண்ணில் கண்டது, மீன்தொட்டிக்கும் பொருந்தியது.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொண்டு வாழ ஒரு பரப்பு தேவை. அந்தப் பரப்பைக் கொடுப்பது மணல்! ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. அதே அளவு கல், பத்து மடங்கு இடம். கணித ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்துபோவார்.

1950களில் மேலைநாடுகளில் 'அடிமணல் வடிகட்டி' பரவியது. தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டு. அதன் மேல் மணல். தட்டுக்குக் கீழிருந்து காற்றுக்குமிழ்கள் நீரை மேலே இழுக்க, தொட்டி நீர் முழுவதும் மணல் வழியாகவே இறங்கியாக வேண்டும். இப்போது மணல் வெறும் தரைவிரிப்பு இல்லை; அதுவே வடிகட்டி. பொடிமணல் தட்டின் துளைகளை அடைத்துவிடும் என்பதால், பச்சைப்பயறு அளவுள்ள பருமணலுக்கு மவுசு வந்தது.

நம் வட்டாரத்திலும் அந்தப் பத்தாண்டில் கடல்மீன் பார்க்கும் ஆசை வளர்ந்தது. 1955 செப்டம்பரில் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றடியில் வான் கிளீஃப் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1930இல் இறந்த வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் சிங்கப்பூருக்கு விட்டுச்சென்ற சொத்திலிருந்து எழுந்த கட்டடம் அது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால், பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பார்த்த கதை ஒன்றாவது கிடைக்கலாம்.

3. ஜகார்த்தாவிலிருந்து ஒரு புதுவழி

அறிவியல் எல்லாம் மேற்கிலிருந்துதான் வந்தது என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வரலாற்றில் அப்படி எழுத முடியாது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தம் முறையை விளக்கி எழுதினார். அடிமணல் வடிகட்டி இல்லை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த நீர், உயிர்கள் ஒட்டியிருந்த பவளப்பாறைத் துண்டுகள், மெல்லக் குமிழிவிடும் காற்று, நல்ல ஒளி. அவ்வளவுதான். அதில் பவளங்களே உயிரோடு இருந்தன!

பாறையிலும் அடிமணலிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே நீரைச் சுத்தம் செய்கின்றன என்பது இந்த 'இயற்கை முறை'யின் அடிப்படை. மேலைநாட்டார் இதன் அருமையை முழுதாக உணரக் கொஞ்சம் காலம் பிடித்தது. இன்று உலகம் முழுவதும் 'உயிர்ப்பாறை', 'உயிர்மணல்' என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து நாட்டுக்காரர் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

4. சுண்ணாம்பு மணலின் காலம்

அடுத்த இருபது ஆண்டுகளில் மணலுக்கு மூன்றாவது வேலை வந்து சேர்ந்தது. கடல்நீரின் காரத்தன்மை குறையாமல் காப்பது. சாதாரண ஆற்றுமணலும் மேற்குக்கரை மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. பினாங்கு கருங்கல் தீவு. அந்தக் கல் தேய்ந்து உதிர்ந்த மணலில் குவார்ட்ஸ்தான் மிகுதி. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் கண்கூசும் வெண்மணல் வேறு வகை. அதில் பெரும்பங்கு பவளம், சிப்பி, சுண்ணாம்புப் பாசி ஆகியவற்றின் துகள்கள். பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன், சுண்ணாம்பைப் பொடியாக்கி மணலாகவே கழிக்கிறது. விடுமுறையில் நாம் படுத்துப் புரளும் வெண்மணலில் கிளிமீனின் கைவரிசையும் உண்டு!

இந்தச் சுண்ணாம்பு மணல் அமிலத்தில் கரையும். தொட்டிநீர் அமிலமாக மாறத் தொடங்கினால் இது சிறிது கரைந்து சரிசெய்யும் என்றார்கள். நொறுக்கிய பவளம், சிப்பித்தூள், டாலமைட் ஆகியவை கடைகளுக்கு வந்தன. 'அரகோனைட்' என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் பெயர் பொட்டலங்களில் பெரிய எழுத்தில் ஏறியது. விலையும் ஏறியது.

இந்த விளம்பரம் பாதி உண்மை. கடலின் மேல்மட்ட நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள தொட்டியிலும் அப்படித்தான். அந்த நீரில் அரகோனைட் கரைவதே இல்லை. மணலின் ஆழத்தில், கழிவு சிதைந்து நீர் அமிலமாகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கரையும். ஆகவே சுண்ணாம்பு மணல் கொஞ்சம் உதவும். தொட்டியைத் தனியாகக் காப்பாற்றிவிடாது. நீரை மாற்றும் வேலையை நம்மிடமிருந்து அது எடுத்துக்கொள்ளாது.

இன்னொரு கணக்கும் உண்டு. பவளத்தை 'மலிவான கல்' என்று நினைத்து அள்ளினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கரையிலேயே சான்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனது, கரை அரித்தது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் இந்திய அரசு கல்பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது.

மலேசியாவிலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ், 1994இல் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் முதலிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியின்றிப் பவளம் எடுப்பது மட்டும் குற்றமில்லை. மணல் எடுப்பதும் குற்றம். "ஒரு போத்தல்தானே சார்" என்று மாணவர் கேட்டால், எட்மண்ட் கோஸின் பாறைக் குழிகளை நினைவூட்டுங்கள். அங்கேயும் ஆளுக்கு ஒரு போத்தல்தான் எடுத்தார்கள்.

5. ஆழமணலும் விளையாட்டு மணலும்

1980களின் இறுதியில் பிரெஞ்சு அறிவியலாளர் ழான் ஜோபேர், மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் புதுமுறை ஒன்றைப் பெரிய தொட்டியில் செயல்படுத்தினார். அடியில் ஒரு வெற்றிடம், அதன் மேல் தடிமனான சுண்ணாம்பு மணல். மேல்மணலில் ஆக்சிஜன் இருக்கும்; கீழே போகப்போகக் குறையும். அந்தக் குறைந்த ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். 1990களின் இறுதியில் அமெரிக்க உயிரியலாளர் ரொனால்ட் ஷிமெக், வெற்றிடம் தேவையில்லை, பத்து செ.மீ.க்கும் அதிகமான நுண்மணலும் அதில் வாழும் புழுக்களுமே போதும் என்று வாதிட்டார்.

சிக்கல் எங்கே வந்தது? இரண்டு செ.மீ. மணலுக்குப் பதில் பத்து செ.மீ. மணல் என்றால் ஐந்து மடங்கு மணல். பொட்டலம் பொட்டலமாக வாங்கினால் பர்ஸ் காலி! அந்த நேரத்தில்தான் இந்த வரலாற்றின் சுவையான திருப்பம் நடந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சவுத்டவுன் என்ற பெயரில், குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டிக்கான மணல் மூட்டை விற்றது. 50 பவுண்டு மூட்டை, அதாவது ஏறக்குறைய 23 கிலோ, சில டாலர்தான். யாரோ அதில் காடி ஊற்றிப் பார்த்தார்கள், பொங்கியது. கரீபியப் பகுதியிலிருந்து வந்த அரகோனைட் மணல் அது! மீன்கடையில் பல மடங்கு விலைக்கு விற்கும் அதே கனிமம், கட்டடப் பொருள் கடையில் விளையாட்டு மணலாகக் கிடந்தது. செய்தி பரவியது, மீன் வளர்ப்போர் தேடித் தேடி வாங்கினார்கள். கிழக்குக் கரையில் எளிதாகக் கிடைத்தது மேற்குக் கரையில் அரிதாக இருந்தது. அங்கே கொண்டுபோகும் செலவு மணலின் விலையை மிஞ்சிவிடும்.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மணலின் விலையில் பெரும்பகுதி மணலுக்கானது இல்லை. பயணத்துக்கும், கழுவிச் சலிப்பதற்கும், பொட்டலத்துக்கும், பெயருக்கும்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் போனது. ஜெர்மனியில் வளர்ந்த 'பெர்லின் முறை'யில் உயிர்ப்பாறையும் நுரைபிரிப்பானுமே முதன்மை. மணல் கட்டாயமில்லை. 2000க்குப் பிறகு பலர், ஆழமணலில் கழிவு தேங்குகிறது என்று சொல்லி மணலையே எடுத்துவிட்டார்கள். ஆக, மிக மலிவான மணல் எது? மணலே போடாததுதான்! இதுவும் ஒரு நேர்மையான விடையே.

6. அப்படியானால் எதை வாங்குவது?

வரலாறு கொடுத்த நான்கு வேலைகளையும் வரிசையாக வையுங்கள்: அழகு, வடிகட்டல், காரத்தன்மை, உயிர்களுக்கு வீடு. உங்கள் தொட்டிக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சிறு பள்ளித் தொட்டியில் கோமாளிமீன் இரண்டும் சில நத்தைகளும் என்றால், இரண்டு மூன்று செ.மீ. மணலே ஏராளம். நீச்சல்குளத்துக்கும் வீட்டு வாசலில் வைக்கும் நீர் வடிகட்டிக்கும் விற்கிற சிலிக்கா மணல் மலிவானது; சலித்தும் கழுவியும் வருவது. சிலிக்கா கரைந்து பழுப்புப் பாசி வளரும் என்று ஒரு பயம் உண்டு. குவார்ட்ஸ் நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். புதுத் தொட்டியில் தோன்றும் பழுப்புப் பாசிக்குக் குழாய்நீரில் வரும் சிலிக்கேட்டும் காரணமாகலாம்; பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

பவளம் வளர்க்கப் போகிறீர்கள், அல்லது இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன்களை வைக்கப் போகிறீர்கள் என்றால், கூர்முனை இல்லாத சுண்ணாம்பு நுண்மணலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். ஆனால் 'உயிர்மணல்' என்று ஈரத்தோடு விற்கும் விலை உயர்ந்த பொட்டலம் அவசியமில்லை. உலர்மணல் வாங்கிப் போட்டு, நோயில்லாத பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி மணலைத் தூவினால், பாக்டீரியா தானாகப் பெருகும். பாலுக்கு உறை ஊற்றுகிற கணக்குத்தான்.

அளவையும் பாருங்கள். சீனியைவிடப் பொடியானது பம்பு ஓடும்போது புழுதியாகக் கிளம்பும். பச்சைப்பயறு அளவுள்ள நொறுக்குப் பவளத்தின் இடுக்குகளில் தீனியும் கழிவும் மாட்டும். ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரையிலான மணல் பெரும்பாலான தொட்டிகளுக்கு ஏற்றது. கட்டட மணல் வேண்டாம். அதில் களிமண்ணும் இரும்பும் வேறு என்னென்னவோ இருக்கும்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்:

• காடிச் சோதனை: ஒரு கரண்டி மணலில் காடி ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மணல். நுரைக்காவிட்டால் பெரும்பாலும் சிலிக்கா.

• காந்தச் சோதனை: உலர்ந்த மணலில் காந்தத்தை ஓட்டுங்கள். கருந்துகள்கள் நிறைய ஒட்டினால் அந்த மணலைத் தவிர்த்துவிடுங்கள்.

• போத்தல் சோதனை: பாதி மணல், பாதி நீர் போட்டுக் குலுக்கி வையுங்கள். பல முறை கழுவிய பிறகும் நீர் கலங்கியே இருந்தால் அதில் மண் அதிகம்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் கணக்கிடலாம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 3 செ.மீ. மணல் உயரம் என்றால் 5,400 கன செ.மீ., அதாவது 5.4 லிட்டர். ஒரு லிட்டர் உலர்மணல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஆகவே 8 கிலோ போதும். கடைக்காரர் 20 கிலோ என்று சொன்னால் சிரித்துவிட்டு 8 கிலோ கேளுங்கள்.

7. வகுப்பறைக்கு

இக்கட்டுரையைக் கருத்துவிளக்கக் கட்டுரைக்கான பயிற்சியாகவும் பயன்படுத்தலாம். மணலுக்குத் தமிழில் உள்ள பெயர்களிலிருந்து தொடங்குங்கள். நுண்மணலுக்கு 'அயிர்', அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டுக்கு 'எக்கர்', நீரோட்டத்தில் வரிவரியாகப் படிந்த கருமணலுக்கு 'அறல்'. நெய்தல் நிலத்தைக் கூர்ந்து பார்த்த மொழிக்கு எல்லா மணலும் ஒரே மணலாகத் தெரியவில்லை. மாணவர்களுக்கும் அப்படித் தெரியாமல் இருந்தால் நல்லது.

பிறகு இந்த வினாக்களைக் குழுவாகப் பேசச் சொல்லுங்கள்:

1. மீன்தொட்டியில் மணலின் பயன்பாடு காலந்தோறும் எவ்வாறு மாறியது? நான்கு கருத்துகளைக் காலவரிசைப்படி எழுதுக.

2. 'இலவசமாகக் கிடைப்பது மலிவானது' என்ற கருத்தை இங்கிலாந்துக் கடற்கரை, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் அனுபவங்களைக் கொண்டு ஆராய்க.

3. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 3 செ.மீ. உயரத்துக்கு எத்தனை கிலோ மணல் தேவை? (விடை: ஏறக்குறைய 18 கிலோ)

மூன்றாவது வினாவுக்கு விடை கண்டவர்கள் அக்கம்பக்கத்துக் கடைகளில் விலை கேட்டு வரட்டும். மீன்கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் கேட்டு, கிலோவுக்கு எவ்வளவு என்று பட்டியல் போடட்டும். எந்த மணலுக்கு எந்த வேலை என்ற பத்தியையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த முறை அறிவியல் கழகம் நிதி கேட்கும்போது கையில் ஒரு நல்ல கணக்கு இருக்கும்.